ஊர் வாட்ஸ்அப் குழுவில் கரடி வீடியோ: வச்சிருக்கணுமா, நீக்கினது சரியா?

#1 கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

கோத்தகிரி பக்கம் எங்க ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கு. 214 பேர். நான்தான் அட்மின். பச்சைத் தேயிலைக்கு இன்னைக்கு பேக்டரியில என்ன விலை, மினி பஸ் வருதா, கரண்ட் எப்ப வரும், ரேஷன்ல பருப்பு வந்துச்சா, யார் வீட்ல துக்கம், இதுதான் அதுல ஓடும். அரசியல் வேண்டாம்னு ஆரம்பத்துலயே பேசி வச்சிருந்தோம். அதனால பெரிய சண்டை எதுவும் வந்ததில்ல.

போன செவ்வாய் ராத்திரி 11.40க்கு எங்க மாரியம்மன் கோயில் கதவைக் கரடி உடைச்சிடுச்சு. விளக்கெண்ணெய்க்காகத்தான். இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு இது புதுசில்ல. கோயில்ல பதிவான சிசிடிவி காட்சி 48 விநாடி. எண்ணெய் டப்பாவை ரெண்டு கையாலயும் பிடிச்சு, சின்னக் குழந்தை டம்ளரைத் தூக்கிக் குடிக்கிற மாதிரி அண்ணாந்து குடிக்குது. குடிச்சுட்டுத் தரையில சிந்தினதையும் நக்கிட்டுப் போகுது. கேமராவைப் பார்த்துக்கற தம்பி அதைக் குழுவில போட்டார்.

பத்து நிமிஷத்துல எனக்கு நாலு போன்.

ஹோம்ஸ்டே வச்சிருக்கிற அண்ணன்: "உடனே எடும்மா, மே மாச புக்கிங் போயிடும்." ஆறாவது படிக்கிற பையனோட அம்மா: "எடுக்காதீங்கக்கா, பக்கத்து ஊர் குழுவுக்கும் அனுப்புங்க, காலையில பிள்ளைங்க அந்த வழியாத்தான் பஸ்ஸுக்குப் போகுது." கோயில் கமிட்டிப் பெரியவர்: "அம்மன் சன்னதி முழுசாத் தெரியுது. வெளியாளுங்க பார்த்துச் சிரிக்கிற பொருளா ஆக்காதே." நாலாவது, கல்லூரியில படிக்கிற தம்பி. அவர் அனுமதி கேக்கல, தகவல் சொன்னார்: "அக்கா, நான் ஏற்கெனவே பாட்டு வச்சு ரீல்ஸ் போட்டுட்டேன்."

இதுல என்னைத் தூங்க விடாதது ஒண்ணுதான். நாலு பேர்ல ஒருத்தர்கூட "இது நிஜமா, பொய்யா"ன்னு கேக்கல. நிஜம்னு எல்லாருக்கும் தெரியும். பொய்ச் செய்தியைப் பரப்பாதேன்னு தினம் சொல்லிக்கிட்டு இருக்கோம். இங்க பொய்யே இல்ல, கெட்டவங்களும் இல்ல. ஒருத்தருக்குப் பிழைப்பு, ஒருத்தருக்குப் பிள்ளை, ஒருத்தருக்குச் சாமி, ஒருத்தருக்கு நம்ம மலையை நாலு பேர் பார்க்கணும்ங்கற ஆசை. எது மனசுல பெரிசோ அதை வச்சுத்தான் ஒரே 48 விநாடியை ஆளுக்கொரு விதமாப் பார்த்தாங்க.

அன்னிக்கு ராத்திரி வீடியோவைக் குழுவில இருந்து நீக்கிட்டேன். காலையில 7.40க்கு அந்தப் பையன் கையில ஒரு குச்சியோட தனியா நடந்து போறதைப் பார்த்தேன். வயித்தைப் பிசைஞ்சிடுச்சு. கரடி வந்தது தெரிஞ்சுதான் குச்சி எடுத்திருக்கான். தெரியாத பிள்ளைங்க எத்தனை பேரோ!

நான் செஞ்சது சரியா? உங்க ஊர்ல எப்படிச் செய்யறீங்க?

#2 அரவேணு மழை

தப்புக்கா. பிள்ளைங்க நடக்கிற வழின்னு வந்த பிறகு வேற கணக்கே இல்ல. புக்கிங் போனா அடுத்த மாசம் வரும்.

#3 மூணு அறை வீடு (குன்னூர்)

//புக்கிங் போனா அடுத்த மாசம் வரும்//

நானும் ஹோம்ஸ்டே நடத்தறவன். அந்த அண்ணனுக்காகக் கொஞ்சம் பேசறேன், கோபப்படாமப் படிங்க.

வீடியோவுக்குத் தேதி கிடையாது. 2019 ஆகஸ்டில ஊட்டி பக்கம் அவலாஞ்சியில ஒரே நாள்ல 900 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சு. அப்ப எடுத்த மண்சரிவு வீடியோ வருஷா வருஷம் பருவமழை ஆரம்பிச்சதும் "இன்று ஊட்டி"ன்னு தலைப்போட எனக்கே திரும்பி வருது. மதுரையில இருந்து ஒரு குடும்பம் அதைப் பார்த்துட்டு அறையை ரத்து செஞ்சாங்க. அன்னிக்கு இங்க வெயில்ல துணி காய வச்சிருந்தோம். வாசல்ல நின்னு வீடியோ எடுத்து அனுப்பினேன், நம்பல.

2024 மே 7ல இருந்து வெளியூர் வண்டி மலை ஏற இ-பாஸ். 2025 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000ன்னு நீதிமன்றம் அளவு வச்சது. மலை தாங்காதுன்னு எனக்கும் தெரியும், அந்த உத்தரவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா என் வீட்ல மூணு பெண்கள் வேலை செய்யறாங்க. மூணு பேருமே முன்னாடி கொழுந்து பறிச்சவங்க, முட்டி போனதால தோட்டத்து வேலையை விட்டவங்க. "புக்கிங்"னு நீங்க படிக்கும்போது என் கண்ணுக்கு அந்த மூணு பேர் தெரியறாங்க. இதையும் பிழைப்பு ஆசைன்னு ஒதுக்கிடாதீங்க.

மறைக்கச் சொல்லல. ஊருக்குத் தெரியணும். உலகத்துக்கு எதுக்கு?

#4 பழைய வாட்சர்

வனத்துறையில வேட்டைத் தடுப்புக் காவலரா 19 வருஷம் இருந்தேன். கொழுந்துக்கூடை அம்மா, ஒண்ணு கேக்கறேன். அந்த வீடியோவுல கரடி அண்ணாந்தப்ப நெஞ்சுல இருந்த வெள்ளைக்கோடு தெரிஞ்சுதா? கரடிக்குக் கரடி அது கொஞ்சம் மாறும். ஒண்ணு அகலமா இருக்கும், ஒண்ணு ஒரு பக்கம் தேய்ஞ்சிருக்கும். அதை வச்சுத்தான் எந்தக் கரடின்னு நாங்க அடையாளம் கண்டுபிடிப்போம்.

ஏன் கேக்கறேன்னா, வேலையில இருந்தப்ப ஒரு வாரத்துல ஏழு வீடியோ வந்துச்சு. ஏழு ஊர். ஊரெல்லாம் கரடி பெருகிப்போச்சு, கூண்டு வைன்னு மறியல் செய்யற நிலைமை. உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் பார்த்தோம். ஏழும் ஒரே கரடி. நெஞ்சுக்கோட்டுல இடது பக்கம் வெட்டின மாதிரி ஒரு இடைவெளி. ராத்திரி ராத்திரி நடந்து ஏழு ஊர்லயும் எண்ணெய் தேடியிருக்கு. ஆனா ஏழு வீடியோவைப் பார்த்த ஜனங்க மனசுல ஏழு கரடி.

வீடியோவை நீக்கியிருக்க வேண்டாம். வனத்துறைக்கு அனுப்பியிருக்கணும்.

இன்னொண்ணும் சொல்லணும். விலை இல்லாம கவாத்துப் பண்ணாம, அதாவது கிளை வெட்டாம விட்ட தேயிலை ஆள் உயரத்துக்கு மேல வளர்ந்து நிக்குது. கரடிக்குப் பகல்ல படுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அதை யாரும் வீடியோ எடுக்கறதில்ல.

#5 கூடலூர்க்காரன்

கரடின்னு சிரிச்சுப் பேசறீங்க. எங்க பக்கம் வந்து பாருங்க.

2021ல வனத்துறை டி23ன்னு பேர் வச்ச புலி. நாலு பேரை அடிச்சுக் கொன்னதுன்னு சொல்லி மசினகுடி, தேவன் எஸ்டேட் பக்கமெல்லாம் மாடு மேய்க்கப் போக முடியல, கொழுந்து பறிக்க முடியல. சுட்டுப் பிடிங்கன்னு நாங்க ரோட்டுல உட்கார்ந்தோம். அதே நேரத்துல போன்ல என்ன ஓடுச்சு? புலியைக் காப்பாத்துங்கன்னு ஹேஷ்டேக். கடைசியில அக்டோபர் 15ந்தேதி உயிரோட பிடிச்சு மைசூருக்குக் கொண்டுபோனாங்க. சரி, புலி பிழைச்சது, எனக்கும் அதுல வருத்தமில்ல. ஆனா அந்த இருபது நாளும் செத்தவங்களைப் பத்தி எத்தனை பேர் எழுதினாங்க?

2024 ஜனவரியில பந்தலூர் பக்கம் மூணு வயசுப் பெண்குழந்தையைச் சிறுத்தை தூக்கிட்டுப் போச்சு. ஜார்க்கண்டுல இருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். அம்மா கையைப் பிடிச்சு நடந்துவந்த குழந்தை. அந்தத் தாய் பேசினது எங்களுக்குப் புரியல, அழுதது புரிஞ்சுது. இந்த ஊர் ஜனம் அந்தக் குடும்பத்துக்காக மறியல் செஞ்சது.

எது மனசுல பெரிசுன்னு கேட்டீங்களே அக்கா, எங்களுக்கு மனுஷ உயிர். விலங்குப் பாசம் [இந்த வரியின் பிற்பகுதி நீக்கப்பட்டது – நெறியாளர்]

#6 நெறியாளர்

கூடலூர்க்காரன் அண்ணா, உங்க வேதனை புரியுது. எதிர்க்கருத்து சொல்றவங்க எல்லாரும் காசு வாங்கினவங்கன்னு எழுதின வரியை மட்டும் எடுத்திருக்கேன். மற்ற எல்லாம் அப்படியே இருக்கு.

#7 மேகம்

நான் அந்தக் கல்லூரித் தம்பி இல்ல, ஆனா அவரை மாதிரி ஒருத்தன். ரீல்ஸ் போடறேன். எல்லாரும் எங்களைத் திட்டறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

2023 செப்டம்பர்ல கோத்தகிரி பக்கம் நட்டக்கல்லுல பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தாங்க. என் பாட்டியும் போய் உட்கார்ந்தாங்க. நான் நாலு நாள் அங்கயே இருந்து எடுத்தேன். பாட்டி கையை மட்டும் கிட்டத்துல காமிச்சேன். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை, எவ்வளவு தேய்ச்சாலும் போகாது, கட்டை விரல்ல நகம் பாதிதான் இருக்கும். "இந்தக் கை பறிச்ச இலைக்கு இன்னைக்கு என்ன விலை தெரியுமா"ன்னு எழுதினேன். 312 பேர் பார்த்தாங்க. அதே மாசம் எங்க வீட்டுப் பின்னால காட்டெருமை நின்னதைப் போட்டேன், ஒன்னரை லட்சம்.

எனக்கும் பாட்டி கைதான் பெரிசு. ஆனா பார்க்கறவங்களுக்கு எது பெரிசுன்னு நான் தீர்மானிக்க முடியலயே. ஒவ்வொரு தடவையும் எதை எடுக்கறதுன்னு போனைத் தூக்கும்போது அந்த 312 ஞாபகத்துக்கு வருது. மூணு வருஷத்துல நானே மாறிட்டேனோன்னு பயமா இருக்கு. முன்னெல்லாம் காட்டெருமையைப் பார்த்தா நின்னு பார்ப்பேன்.

#8 கொடை 100.5

மேகம் தம்பி, மனசைத் தளர விடாதீங்க. பழனி மலைப் பக்கத்துல இருந்து ஒரு கதை சொல்றேன்.

எங்க கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001ல மூடுச்சு. பாதரசம் கலந்த உடைஞ்ச கண்ணாடி முஞ்சிக்கல்லுல பழைய இரும்புக் கடையில கிடந்ததை ஊர் ஜனம்தான் வெளிய கொண்டு வந்தது. என் பெரியப்பா அந்த ஆலையில வேலை பார்த்தவர். அவர் வீட்டு அலமாரியில ஒரு மஞ்சள் பை முழுக்க மனு நகல். கலெக்டருக்கு, அமைச்சருக்கு, கோர்ட்டுக்கு. பதினாலு வருஷம். 2015ல ஒரு பெண் இந்தப் பாதரச விஷயத்தை ஆங்கிலத்துல ராப் பாட்டாப் பாடி வீடியோ போட்டாங்க. சில நாள்லயே உலகம் பூரா பார்த்துடுச்சு. 2016 மார்ச்ல கம்பெனிக்கும் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் நிவாரண ஒப்பந்தம் ஆச்சு.

பாட்டால மட்டும் ஆச்சுன்னு சொல்ல மாட்டேன். 2006ல இருந்து நடந்த வழக்கும், இந்த மனுக்களும் இல்லன்னா பாட்டுக்குப் பின்னால நிக்க ஒண்ணும் இருந்திருக்காது. ஆனா பெரியப்பா அந்தப் பாட்டை என் போன்லதான் முதல்ல பார்த்தார். ஒரு வார்த்தை புரியல. முடியற வரைக்கும் பார்த்துட்டு, "நம்ம ஊர் பேரைச் சொல்றாடா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

உங்க பாட்டி கையை எடுத்து வைங்க. அழிச்சுடாதீங்க.

#9 அரவேணு மழை

ஒரு சந்தேகம். குழுவுல யாராவது தப்பா எதையாவது போட்டா அட்மின் மேல கேஸ் வருமா? அதுக்குப் பயந்துதான் எங்க குழு அட்மின் எல்லாத்தையும் அழிக்கறார்.

#10 நெறியாளர்

மற்றவர் போட்ட பதிவுக்கு அட்மின்ங்கற ஒரே காரணத்தால பொறுப்பாக்க முடியாதுன்னு கேரள உயர்நீதிமன்றம் 2022 பிப்ரவரியில தீர்ப்பு சொல்லியிருக்கு. அட்மினே தூண்டிவிட்டா கதை வேற.

#11 லைன் வீட்டு டீச்சர்

நான் இலங்கையில இருந்து வந்த குடும்பம். 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துல திரும்பின தாத்தா, அரசு தேயிலைத் தோட்டத்துல வேலை. சின்ன வயசுல எங்க லைன் வீட்ல, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்ல, ஒரே ரேடியோ. சாயந்திரம் தாத்தா இலங்கை வானொலிக்குத் திருப்பிடுவார். சித்தி பாட்டுக்காகக் கேட்பாங்க, தாத்தா அறிவிப்பாளர் குரலுக்காகக் கேட்பார். அந்தத் தமிழைக் கேட்டா இலங்கையில எங்க மஸ்கெலியாவுல இருக்கற மாதிரி இருக்கும்பார். ஒரே பெட்டி, ஒரே அலைவரிசை. தாத்தாவுக்கு அது விட்டுட்டு வந்த ஊர். இப்ப அந்த லைன் வீட்ல ஜார்க்கண்ட், அசாம்ல இருந்து வந்தவங்க இருக்காங்க.

2023 மார்ச்ல தமிழ்நாட்டுல வடநாட்டுத் தொழிலாளர்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு பொய் வீடியோ பரவினது ஞாபகம் இருக்கா? இங்க கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒரு நாள் வேலைக்கே வரல. பக்கத்து லைன்ல இருந்த ஒரு பொண்ணு, இருபது வயசு இருக்கும், கதவைத் தாழ் போட்டு உட்கார்ந்திருந்தா. அவ அம்மா ஊர்ல இருந்து மணிக்கொரு தடவை போன் பண்ணி உடனே கிளம்பி வான்னு அழுதுக்கிட்டு இருந்தாங்க. போலீஸ் மறுப்பு வந்தது, தொலைக்காட்சியில சொன்னாங்க, எதையும் அந்த அம்மா நம்பல. நம்புவாங்களா? மகள் உயிர்ன்னு வந்தா எந்தத் தாயும் பொய்யா நிஜமான்னு சோதிச்சுக்கிட்டு இருக்க மாட்டா.

நான் போய்க் கதவைத் தட்டினேன். வீடியோ கால்ல அவ என்னைக் காமிச்சா. எனக்கு இந்தி நாலு வார்த்தை. அடுப்பு மேல என்ன இருக்குன்னு காமின்னேன். காமிச்சா: சோறு, உருளைக்கிழங்கு. பிறகு எங்க வீட்டு அடுப்பையும் காமிச்சேன். அந்த அம்மா முகத்துல அப்பத்தான் கொஞ்சம் தெளிவு வந்துச்சு. "தால் நஹீன் பனாயா?"ன்னு கேட்டாங்க. பருப்பு வைக்கலியான்னு. மறுநாள் பொண்ணு வேலைக்கு வந்தா.

அதனால வீடியோவை நீக்குங்க, நீக்காதீங்கன்னு என்னால ஒரு வார்த்தையில சொல்ல முடியல. அந்தக் குச்சி எடுத்துப் போன பையனோட அம்மா யாரை நம்புவாங்களோ, அவங்க வாயால சேதி போகணும்.

#12 ஹட்டிப் பெரியவன்

வயசு 71. பேத்தி தட்டச்சு செய்யறாள், நான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

ஊட்டி வானொலி தொண்ணூறுகள்ல வந்துச்சு. அதுல படுகப் பாட்டு கேட்ட அன்னிக்கு என் அம்மா அடுப்புல பாலைப் பொங்க விட்டுட்டாங்க. நம்ம பேச்சு பெட்டிக்குள்ள இருந்து வருதேன்னு. அதனால நான் புது சாதனத்துக்கு விரோதி இல்ல.

கோயில் கமிட்டிப் பெரியவர் சொன்னதை யாரும் எடுத்துப் பேசல, அதனால நான் பேசறேன். சன்னதியைப் படம் பிடிக்கக் கூடாதுங்கறது மூடத்தனம்னு பிள்ளைங்க நினைக்கறாங்க. வீட்டுக்கு வர்றவங்களை முன்கூடத்துல உட்கார வைக்கிறோம், சமையல்கட்டு வரைக்கும் வர்றவங்க வேற. சாமி இருக்கிற இடம் எங்களுக்குச் சமையல்கட்டு மாதிரி. கரடி உள்ளே வந்தது அதுக்குத் தெரியாம. போனோட ஒரு லட்சம் பேர் உள்ளே வர்றது எங்களைக் கேக்காம. கேட்டிருந்தா அந்தப் பகுதியை மறைச்சுட்டுப் போடுப்பான்னு சொல்லியிருப்போம். கேக்கணும், அவ்வளவுதான்.

#13 காட்டேரி வளைவு

2021 டிசம்பர் 8, குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரம். முப்படைத் தளபதி பிபின் ராவத் போன ஹெலிகாப்டர் விழுந்த அன்னிக்கு என் சித்தப்பா அங்க இருந்தார். சத்தம் கேட்டு ஓடியிருக்கார், தீ. தண்ணிக்குடம் எடுத்துட்டு ஓடினவங்க, வீட்டுக்குள்ள போய்ப் படுக்கையில இருந்த கம்பளியை உருவிட்டு ஓடினவங்க. அந்தக் கம்பளியிலதான் ஆளுங்களைத் தூக்கினாங்க. அடுத்த ஒரு வாரம் பூரா மைக்கை நீட்டி "நீங்க வீடியோ எடுத்தீங்களா"ன்னுதான் கேட்டிருக்காங்க. சித்தப்பா இல்லன்னு சொன்னதும் அடுத்த ஆள்கிட்ட போயிடுவாங்களாம்.

ஆனா இன்னொண்ணையும் சேர்த்துச் சொல்லணும். மேகத்துக்குள்ள ஹெலிகாப்டர் மறையறதை ரயில் பாதையில நடந்துபோன சுற்றுலாக்காரங்க எடுத்திருந்தாங்க. அந்தப் போனைப் போலீஸ் வாங்கி ஆய்வுக்கு அனுப்பினாங்க. அவங்க எடுத்ததும் உதவிச்சு. சித்தப்பா அந்த வீடியோவை இன்னை வரைக்கும் பார்க்கல. வீட்ல யாராவது போட்டா எழுந்து வெளிய போயிடுவார்.

#14 மூணு அறை வீடு (குன்னூர்)

//கேக்கணும், அவ்வளவுதான்//

ஐயா சொன்னதைப் படிச்சதும் நேத்து ஒரு வேலை செஞ்சேன். அறையில விருந்தாளிங்களுக்கு ஒட்டியிருக்கிற தாள்ல "சாயந்திரம் 6.30க்கு மேல தனியா நடக்க வேண்டாம், கரடி, காட்டெருமை நடமாட்டம் உண்டு, மிச்ச சாப்பாட்டை வெளிய வைக்காதீங்க"ன்னு எழுதிட்டேன். இத்தனை வருஷம் எழுதாம இருந்தேன், பயந்துடுவாங்கன்னு. நேத்து வந்த குடும்பம் படிச்சுட்டு, "நல்லவேளை சொன்னீங்க"ன்னாங்க.

கூடலூர் அண்ணா, உங்க பதிவை மூணு தடவை படிச்சேன். பதில் எழுத எனக்குத் தகுதி இல்லன்னு தோணுச்சு.

#15 கூடலூர்க்காரன்

வார்த்தை தடிச்சதுக்கு மன்னிக்கணும். பந்தலூர்ல அன்னிக்கு நான் நின்ன இடத்தை இன்னும் கடந்து போக முடியல, அந்தக் கோபம்.

வாட்சர் ஐயா சொன்ன ஏழு வீடியோ விஷயம் எங்க பக்கமும் நடக்குது. ஒரே யானையை எட்டு பேர் எடுத்துப் போட்டு ஊரே வீட்டுக்குள்ள இருக்கும். எங்க குழுவுல இனி இடம், நேரம், எந்தப் பக்கம் போச்சு, யார் பார்த்தது, இந்த நாலும் இல்லாம எதுவும் போடக் கூடாதுன்னு பேசப் போறேன்.

#16 கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்றேன்.

வாட்சர் ஐயா சொன்ன மாதிரி வீடியோவை வனத்துறைக்கு அனுப்பினேன். நெஞ்சுக்கோடு தெளிவாத் தெரியுதாம். போன மாசம் கட்டபெட்டு பக்கம் வந்ததும் இதேதான்னு சொன்னாங்க.

குழுவுல வீடியோவைத் திரும்பப் போடல. எழுத்தாப் போட்டேன், என் பேரோட. "செவ்வாய் ராத்திரி 11.40, கோயில்ல ஒரு கரடி. மேல தோட்டத்துப் பக்கம் போச்சு. காலையில பிள்ளைங்களைத் தனியா அனுப்பாதீங்க." அந்த அம்மா "இதை அன்னிக்கே எழுதியிருக்கலாமேக்கா"ன்னு போட்டாங்க. நியாயம்தான். வீடியோவா, அழிக்கறதான்னு ரெண்டையே யோசிச்சிருக்கேன். வாயால சொல்றதுன்னு ஒண்ணு இருக்கிறது அன்னிக்குத் தோணவே இல்ல.

கல்லூரித் தம்பிகிட்ட பேசினேன். ரீல்ஸை எடுத்துட்டு, சன்னதியை மறைச்சு, ஊர் பேர் இல்லாமத் திரும்பப் போட்டார். ஆனா முதல்ல போட்டதை வேற யாரோ எடுத்து, கேரளாவுல நடந்ததா எழுதிச் சுத்த விட்டிருக்காங்க. அதைப் பிடிக்க முடியாது. கமிட்டிப் பெரியவர் அதைப் பார்த்துட்டார். என்கிட்ட இன்னும் பேசல. நாளைக்கு வெள்ளிக்கிழமை, பூஜைக்குப் போறப்ப நேர்ல பேசணும்.

#17 பழைய வாட்சர்

நல்லதும்மா. எண்ணெய் இப்ப எங்க வைக்கிறீங்க? அது உள்ளே இருக்கிற வரைக்கும் திரும்ப வரும். சத்துணவுக் கூடத்துலயும் பாருங்க.

#18 கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

எண்ணெயைப் பூசாரி ராத்திரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறார் ஐயா. சத்துணவுக் கூடத்துல இரும்புக் கதவு போடச் சொல்லியிருக்கோம்.

நேத்து ராத்திரி 1.15க்குத் திரும்ப வந்துச்சு. கதவை மோந்து பார்த்துட்டு, ஒரு நிமிஷம் படியில உட்கார்ந்திருந்துட்டுக் கீழ்வழியா போயிடுச்சு. பதிவு என்கிட்ட இருக்கு, வனத்துறைக்கு மட்டும் அனுப்பினேன். காலையில அஞ்சரைக்கு எந்தப் பக்கம் போச்சுன்னு குழுவுல எழுதினேன். 7.40க்கு நானும் அந்த அம்மாவும் பிள்ளைங்க கூடவே பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். ஒன்பது பிள்ளைங்க. அந்தப் பையன் குச்சியை இன்னும் விடல.